டீசல் வேன் இழுக்கவில்லையா? டர்போ அழுத்தக் குறைவும் வேக்கக் கசிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வட ஆற்காட்டின் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஓடும் வேன்களில் பெரும்பாலானவை டர்போ பொருத்திய டீசல் வண்டிகள். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்பவை, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவை, வேலூர் மருத்துவமனைகளுக்கு வெளியூர் நோயாளிகளைக் கொண்டுவருபவை, ஸ்ரீபுரத்துக்கும் திருப்பதிக்கும் போகும் சுற்றுலா வேன்கள் ஆகிய எல்லாமே இதில் அடங்கும். இவற்றின் உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் பட்டறையில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களைக் கீழே எழுதியிருக்கிறோம்.

வண்டி மேட்டில் இழுக்கவில்லை. டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

உடனே மாற்ற வேண்டாம். பிக்கப் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கழற்றப்படும் டர்போக்களில் பல நல்ல நிலையில்தான் இருக்கின்றன. அழுத்தம் குறைவதற்கு டர்போவைத் தவிர வேறு பல காரணங்கள் உண்டு. அவற்றில் அடிக்கடி அகப்படுபவை இரண்டு. ஒன்று, டர்போவிலிருந்து என்ஜினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் ஹோஸில் கிழிசல் அல்லது தளர்ந்த கிளிப். மற்றொன்று, டர்போவைக் கட்டுப்படுத்தும் வேக்கக் குழாயில், அதாவது காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடத்தைக் கொண்டுசெல்லும் குழாயில், கசிவு. இவை இரண்டையும் சோதிக்க ஒரு வேக்கம் கேஜும், சோப்புத் தண்ணீரும், ஒரு மணி நேரப் பொறுமையும் போதும். செலவு குறைந்த சோதனைகளை முதலில் முடித்துவிட்டு, டர்போவைக் கடைசியில் சந்தேகிப்பதே சரியான வரிசை. இந்த வரிசையை மாற்றியதால், புது டர்போ பொருத்திய பிறகும் அதே மந்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் நம் ஊரில் நிறைய இருக்கின்றன.

டர்போவுக்கும் வேக்கத்துக்கும் என்ன தொடர்பு?

சைலன்சருக்குப் போகும் சூடான புகை டர்போவின் ஒரு பக்கத்துச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் ஏர் ஃபில்டர் வழியாகக் காற்றை இழுத்து, அழுத்தி, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக என்ஜினுக்குள் அனுப்புகிறது. காற்று கூடினால்தான் கூடுதல் டீசலை முழுமையாக எரிக்க முடியும். சக்தி கூடுவதும் அப்போதுதான்.

இந்த அழுத்தம் எல்லை மீறாமலும் குறையாமலும் இருக்க ஒரு கட்டுப்பாடு தேவை. விஜிடி வகை டர்போவில் புகை வரும் பக்கத்தில் சிறு இதழ்கள் வட்டமாக அமைந்துள்ளன. குறைந்த ஆர்.பி.எம்.மில் இந்த இதழ்கள் மூடியவாறு நின்று புகையின் வேகத்தைக் கூட்டுகின்றன, ஆர்.பி.எம். ஏற ஏறத் திறந்துகொள்கின்றன. இதழ்களை அசைக்கும் கம்பியை இழுப்பது ஆக்சுவேட்டர் என்னும் தகரக் குடுவை. அந்தக் குடுவையை இயக்குவது பல வண்டிகளில் வேக்கம்தான். வேக்கம் கிடைத்தால் கம்பி உள்ளே இழுபட்டு இதழ்கள் மூடும். வேக்கம் கிடைக்காவிட்டால் கம்பி வெளியே தள்ளப்பட்டு இதழ்கள் திறந்தபடியே நிற்கும். அந்த நிலையில் டர்போ நல்ல நிலையில் இருந்தாலும் குறைந்த ஆர்.பி.எம்.மில் அதனால் அழுத்தம் உண்டாக்க முடியாது.

பழைய, எளிய வேன்களில் வேஸ்ட்கேட் வகை, அதாவது அதிகப்படிப் புகையை டர்போ சக்கரத்தைத் தொடாமல் விலக்கிவிடும் கதவு கொண்ட டர்போ இருக்கும். அதன் ஆக்சுவேட்டரைப் பல மாடல்களில் வேக்கம் இயக்குவதில்லை. டர்போவின் அழுத்தமே தள்ளித் திறக்கும். அங்கே சிறு குழாய் கழன்றால் விளைவு நேர்மாறானது: வேஸ்ட்கேட் திறக்காமல் அழுத்தம் எல்லை மீறிப் போகும். புதிய வண்டிகள் சிலவற்றில் வேக்கமே இல்லாமல் மின்மோட்டார் ஆக்சுவேட்டர் இருக்கும். ஆகவே உங்கள் வண்டியில் எந்த வகை என்று முதலில் பாருங்கள். குடுவையில் மெல்லிய ரப்பர் குழாய் மட்டும் இருந்தால் வேக்கம் அல்லது அழுத்த வகை. மின்வயர் பிளக் பொருத்திய பெட்டியாக இருந்தால் மின்மோட்டார் வகை. சில குடுவைகளில் குழாயோடு சேர்த்து கம்பியின் நிலையை அளக்கும் சென்சார் வயரும் இருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வேக்கம் எங்கிருந்து வருகிறது?

பெட்ரோல் என்ஜினில் த்ராட்டில் மூடியிருக்கும்போது, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டிலேயே வேக்கம் உண்டாகிறது. டீசல் என்ஜின் அப்படியல்ல. காற்று பெரும்பாலும் தடையின்றி உள்ளே போவதால், வேக்கத்தை உண்டாக்கத் தனியாக ஒரு பம்ப் வேண்டும். சில என்ஜின்களில் அது கேம்ஷாஃப்டின் முனையில் இருக்கும். நம் ஊர் வேன்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில் பொருத்தப்பட்டிருக்கும். இந்தப் பம்புக்கு என்ஜின் ஆயில்தான் மசகு. ஆயில் வரும் குழாய் அடைத்தாலோ, உள்ளே சுழலும் தகடுகள் தேய்ந்தாலோ வேக்கம் குறையும். ஆல்டர்னேட்டருக்குள் ஆயில் கசிந்திருந்தால் பம்பின் சீல் போய்விட்டது என்று பொருள். சார்ஜிங் கோளாறுக்காக வந்த வண்டியில் வேக்கக் கோளாறும் சேர்ந்தே அகப்படுவதற்கு இதுவே காரணம்.

பிக்கப்பும் இல்லை, பிரேக்கும் கட்டையாக இருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இந்தப் பக்கத்தில் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பதில் இதுதான். டர்போ ஆக்சுவேட்டருக்கு வேக்கம் தரும் அதே பம்ப்தான், ஹைட்ராலிக் பிரேக் கொண்ட வேன்களில், மிதிக்கும் விசையைக் கூட்டித்தரும் பிரேக் பூஸ்டருக்கும் வேக்கம் தருகிறது. மந்தமும் கட்டைப் பிரேக்கும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் பம்பிலோ, அதிலிருந்து கிளம்பும் முதன்மைக் குழாயிலோ பழுது இருக்கிறது. அந்த வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது. பள்ளி வேனாக இருந்தால் அன்றைய நடைக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.

பிரேக் பூஸ்டரைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. என்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலைப் பலமுறை மிதியுங்கள், அது கட்டையாகிவிடும். காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே உள்ளே இறங்கினால் வேக்கம் பூஸ்டருக்கு வந்து சேர்கிறது. அசையவே இல்லை என்றால் வரவில்லை. அடுத்து, வண்டியைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து மிதித்துப் பாருங்கள். முதல் ஓரிரு மிதி மென்மையாக இருக்க வேண்டும். முதல் மிதியே கட்டையாக இருந்தால், பூஸ்டர் குழாயிலுள்ள ஒருவழி வால்வோ பூஸ்டரின் டயாஃப்ரமோ (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) வேக்கத்தைத் தேக்கிவைக்கவில்லை.

என் வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. மேட்டில் முழுச் சுமையோடு போகும்போது திடீரென்று சக்தி அறுந்துபோகிறது. சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. இதுவும் கசிவுதானா?

பெரும்பாலும் இல்லை. மந்தம் எந்த வகையில் வருகிறது என்பதே பழுது இருக்கும் இடத்தைப் பாதி சொல்லிவிடும்.

கிளம்பியதிலிருந்தே மந்தம், எந்நேரமும் ஒரே மாதிரி மந்தம் என்றால் வேக்கம் வராதது, ஹோஸ் கிழிந்தது, ஏர் ஃபில்டர் அடைத்தது போன்றவற்றைத் தேட வேண்டும்.

நன்றாக இழுத்துக்கொண்டிருந்த வண்டி ஒரு நொடியில் செத்தது போலாகி, செக் லைட் எரிந்து, சாவியை அணைத்துப் போட்டதும் உயிர் பெற்றால், அது என்ஜினின் கம்ப்யூட்டர் தற்காப்புக்காக டீசலைக் குறைத்த நிலை. கம்ப்யூட்டர் கேட்டதைவிட அதிக அழுத்தம் வந்ததால் இது நிகழ்வதுண்டு. விஜிடி இதழ்களில் கரி படிந்து அவை மூடிய நிலையில் சிக்குவது இதற்கு முக்கியக் காரணம். மற்றொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஆக்சுவேட்டருக்கு வேக்கத்தை அளந்து தரும் சோலனாய்டு வால்வில் மூன்று வழிகள் உண்டு: பம்பிலிருந்து வேக்கம் வரும் வழி, ஆக்சுவேட்டருக்குப் போகும் வழி, வெளிக்காற்றை உள்ளே விட்டு வேக்கத்தைத் தளர்த்தும் வழி. மூன்றாவது வழியின் முனையில் ஒரு சிறு ஃபில்டர் இருக்கும். கல் குவாரிப் பாதையிலும் மண் சாலையிலும் ஓடும் வண்டிகளில் இது தூசியால் அடைத்துக்கொள்கிறது. வேக்கம் தளர வழியில்லாததால் இதழ்கள் நேரத்துக்குத் திறப்பதில்லை, அழுத்தம் எகிறுகிறது. அந்த ஃபில்டரைச் சுத்தம் செய்வதிலேயே தீரும் பழுதுக்கு டர்போ விலை கொடுக்க வேண்டியதில்லை.

புகையின் நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது கரும்புகை வந்து வண்டி இழுக்கவில்லை என்றால் டீசல் வருகிறது, காற்று போதவில்லை. ஹோஸ் கசிவு, அடைத்த ஏர் ஃபில்டர், திறந்தபடி சிக்கிய ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கை மீண்டும் என்ஜினுக்குள் விடுவது) ஆகியவற்றைப் பாருங்கள். புகையே இல்லாமல் மந்தம் என்றால் டீசல் ஃபில்டரை முதலில் பாருங்கள். கம்ப்யூட்டர் டீசலைக் குறைத்திருந்தாலும் புகை வராது. நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். அப்போது டர்போவின் சீல் உட்படப் பலவற்றைச் சந்தேகிக்கலாம். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ் 6 வண்டிகளில் சைலன்சர் வழியில் உள்ள டிபிஎஃப் கரியைப் பிடித்துக்கொள்வதால் கரும்புகை வெளியே தெரியாது. அங்கே புகையை நம்பிப் பயனில்லை.

வேக்கத்தைக் கேஜில் எப்படி அளப்பது? எவ்வளவு இருக்க வேண்டும்?

பம்பிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, கேஜை நேராகப் பம்பின் வாயில் பொருத்தி, ஐடிலிங்கில் ஓடவிடுங்கள். வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால் இங்குக் காற்றழுத்தம் பாதரசக் கணக்கில் சுமார் 740 மில்லிமீட்டர். நல்ல பம்ப் அரை நிமிடத்துக்குள் 650 மில்லிமீட்டர் அளவை எட்டிவிடும். 500-க்குக் கீழே நின்றால் பம்ப் தேய்ந்திருக்கிறது, அல்லது அதற்கு ஆயில் சரியாகப் போகவில்லை. வண்டியின் சர்வீஸ் கையேட்டில் வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பம்ப் நன்றாக இருந்தால், குழாய்களைப் பழையபடி பொருத்தி, இடையில் ஒரு டீ இணைப்பைச் செருகிக் கேஜை அதில் மாட்டுங்கள். இப்போது அளவு கணிசமாகக் குறைந்தால் கசிவு குழாய்களிலோ அவை போய்ச் சேரும் பாகங்களிலோ இருக்கிறது. பிரேக் பூஸ்டர், ஈஜிஆர், டர்போ சோலனாய்டு என்று ஒவ்வொரு கிளையாக அடைத்துப் பாருங்கள். எந்தக் கிளையை அடைத்ததும் முள் மேலே ஏறுகிறதோ அந்தக் கிளையில்தான் ஓட்டை. பூஸ்டர் கிளையை அடைத்திருக்கும்போது பிரேக் உதவி இருக்காது. வண்டி நின்ற இடத்தில், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துதான் இதைச் செய்ய வேண்டும்.

ஒரு குறிப்பு: ஏலகிரி மலைமேல் இதே கேஜை வைத்தால் அளவு குறைவாகவே காட்டும். சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே ஏறக்குறைய 665 மில்லிமீட்டர்தான் என்பதால், எந்தப் பம்பும் அதற்கு மேல் இழுக்க முடியாது. மலைமேல் எடுத்த அளவைக் கீழே எடுத்த அளவோடு ஒப்பிட்டுப் பம்பைக் குறை சொல்லக் கூடாது.

ஆக்சுவேட்டர் வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது?

வேக்க வகை விஜிடியாக இருந்தால், ஒருவர் ஸ்டார்ட் செய்யும்போது மற்றவர் கம்பியைக் கவனிக்க வேண்டும். பல மாடல்களில் ஸ்டார்ட் ஆனதும் கம்பி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உள்ளே இழுபடும். அணைத்ததும் வெளியே வரும். கம்பி அசையவில்லை என்றால் ஆக்சுவேட்டரின் குழாயைக் கழற்றிக் கேஜ் பொருத்திய கைப்பம்பால் வேக்கம் கொடுங்கள். நான்கு விளைவுகள் சாத்தியம். கம்பி வழுக்கிக்கொண்டு முழுதும் நகர்ந்து, முள் ஒரு நிமிடம் அசையாமல் நின்றால் ஆக்சுவேட்டரும் இதழ்களும் நன்றாக இருக்கின்றன. பழுது சோலனாய்டிலோ அதற்கு முந்தைய குழாயிலோ இருக்கிறது. முள் இறங்கிக்கொண்டே வந்தால் குடுவைக்குள் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. முள் நிற்கிறது, ஆனால் கம்பி நகரவில்லை என்றால் இதழ்கள் இறுகியிருக்கின்றன. கம்பி விட்டுவிட்டுத் திக்கித் திக்கி நகர்ந்தால் கரி படிந்திருக்கிறது.

அழுத்த வகை வேஸ்ட்கேட்டுக்கு இந்தச் சோதனையை வேக்கத்தால் செய்யக் கூடாது. ரெகுலேட்டர் வைத்த கம்ப்ரசரால் மெல்லக் காற்றழுத்தம் கொடுத்தே பார்க்க வேண்டும்.

பெரிய ஹோஸ்களில் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

வெளியே பார்த்தால் தெரியாது என்பதுதான் இந்தக் கசிவின் குணம். என்ஜின் நிற்கும்போது கிழிசலின் இரு உதடுகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். அழுத்தம் ஏறும்போது மட்டும் பிளந்து, ‘ஸ்ஸ்’ என்ற சத்தத்தோடு காற்று வெளியேறும். இந்தச் சத்தத்தை டர்போவின் விசில் சத்தம் என்று நினைத்து டர்போவைக் கழற்றுகிறார்கள்.

ஆம்பூர்ப் பக்கம் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஒன்று, வேறோர் இடத்தில் டர்போ மாற்றிய பிறகும் இழுக்கவில்லை என்று எங்களிடம் வந்தது. இன்டர்கூலரிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸ் மேலே புதிது போலக் கருகருவென்று இருந்தது. அடிப்பக்கத்தைக் கையால் தடவியபோது விரலில் ஆயில் கலந்த தூசி பசையாக ஒட்டியது; சுற்றியுள்ள மற்ற பாகங்களில் உலர்ந்த தூசி மட்டுமே இருந்தது. அந்த ஈரத் திட்டின் நடுவில், கிளிப்புக்கு ஒரு விரற்கடை தள்ளி, ஹோஸை இரு கைகளாலும் மடக்கியபோதுதான் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கீறல் வாய் திறந்தது. கிளிப்பை அளவுக்கு மேல் முறுக்கியிருந்ததால் ரப்பர் அந்த இடத்தில் அறுபடத் தொடங்கியிருந்தது. ஹோஸையும் கிளிப்பையும் மாற்றியதும் வண்டி பழையபடி இழுத்தது. என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக வரும் ஆயில் ஆவி இந்தக் குழாய்களுக்குள் லேசாகப் படிவது இயல்பானது. அந்த ஆயில் எங்கே வெளியே வியர்த்திருக்கிறதோ, அங்கேதான் காற்றும் வெளியேறுகிறது.

கண்ணாலும் கையாலும் அகப்படவில்லை என்றால் அழுத்தச் சோதனை செய்யலாம். டர்போவுக்குக் காற்று வரும் குழாயைக் கழற்றி, அந்த வாயில் வால்வு பொருத்திய மூடியை இறுக்கி, பிரீதர் குழாயையும் அடைத்து, ரெகுலேட்டர் வழியாக 7 முதல் 10 பிஎஸ்ஐ வரை காற்று கொடுங்கள். அதற்கு மேல் கொடுக்க வேண்டாம். மூடி தெறித்தால் முகம் போய்விடும், ஆகவே அதன் நேரெதிரே நிற்கவும் வேண்டாம். ஒவ்வோர் இணைப்பிலும், இன்டர்கூலரின் பிளாஸ்டிக் ஓரங்களிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி வரும். சைலன்சரிலோ ஆயில் ஸ்டிக் வாயிலோ லேசாகக் காற்றுச் சத்தம் கேட்பது பழுதல்ல. ஏதோ ஒரு சிலிண்டரின் வால்வு திறந்திருப்பதால் காற்று அவ்வழியே போகத்தான் செய்யும்.

பெட்ரோல் காரில் செய்வதுபோல் குழாய்கள்மேல் கார்புரேட்டர் கிளீனர் அடித்து, ஆர்.பி.எம். மாறுகிறதா என்று பார்க்கலாமா?

கூடாது. டர்போவுக்குப் பிந்தைய பகுதியில் காற்று வெளியே தள்ளப்படுவதால், அங்கே அடிக்கும் கிளீனர் உள்ளே போகாது, சோதனையால் பயனில்லை. டர்போவுக்கு முந்தைய பகுதியில் அடித்தால் அது உள்ளே இழுக்கப்பட்டு எரிபொருளாகவே எரியும். டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி தேவையில்லை. ஆகவே சாவியை அணைத்தாலும் அடங்காமல் ஆர்.பி.எம். எகிறக்கூடும். சூடான மேனிஃபோல்டில் பட்டுத் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள ஹோஸைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அங்கே ஓட்டை இருந்தால் காற்று உள்ளே இழுக்கப்படும். ஃபில்டரைத் தாண்டி வரும் அந்தக் காற்று தூசியோடு வந்து டர்போவின் இறக்கைகளைத் தேய்க்கும். மந்தம் தெரியாவிட்டாலும் அந்த ஹோஸை உடனே மாற்றுங்கள்.

ஸ்கேனரில் பி0299 என்ற பழுது எண் வந்தது. டர்போ பழுது என்று பொருளா?

என்ஜினின் கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தம் கிடைக்கவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். ஏன் கிடைக்கவில்லை என்று ஸ்கேனர் சொல்லாது. பி0234 வந்தால் அழுத்தம் எல்லை மீறியது என்று பொருள். இந்த எண்களைவிட லைவ் டேட்டாவே பயனுள்ளது.

முதலில் என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, மேனிஃபோல்டில் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் அளவைப் பாருங்கள். வேலூரில் அது 98, 99 கிலோபாஸ்கல் அளவில் இருக்க வேண்டும். ஏலகிரி மேலே 89 அளவுக்கு இறங்கும். என்ஜின் நிற்கும்போதே 110 என்றோ 80 என்றோ காட்டினால் பொய் சொல்வது சென்சார். டர்போவைத் தேடிப் போக வேண்டாம். பிறகு நெடுஞ்சாலையில், காலியான நேரத்தில், மூன்றாவது அல்லது நான்காவது கியரில் 1,500 ஆர்.பி.எம்.மிலிருந்து 3,000 வரை ஆக்சிலேட்டரை முழுதும் அழுத்தி, கேட்ட அழுத்தம், கிடைத்த அழுத்தம் என்ற இரண்டு வரிகளையும் பதிவு செய்யுங்கள். ஓட்டுபவர் திரையைப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். தொடக்கத்தில் சிறு பின்தங்கல் இயல்பு. 20 கிலோபாஸ்கலுக்கு மேல் தொடர்ந்து குறைவாகவே ஓடினால் கசிவோ வேக்கக் குறைவோ இருக்கிறது. நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்ப்பதால் பயனில்லை. சுமை இல்லாத என்ஜினில் டர்போ முழு அழுத்தம் தராது.

சோதனைக்கு ஏலகிரி ஏறிப் பார்க்கலாமா?

பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்றம் நல்ல சுமைதான். ஆனால் வேக்கப் பழுது சந்தேகத்தில் இருக்கும் வண்டியில் இறங்கும்போது பிரேக்கும் சந்தேகத்துக்குரியது. பிரேக் சோதனையில் தேறாத வண்டியை மலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

அப்படியானால் டர்போவை எப்போதுதான் சந்தேகிப்பது?

வேக்கம், ஹோஸ், சென்சார், ஏர் ஃபில்டர், புகை வெளியேறும் மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள கேஸ்கெட்டில் கரிக்கோடு ஆகிய அனைத்தையும் பார்த்த பிறகு, இன்டேக் குழாயைக் கழற்றித் தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருக்கும். ஆயில் படலத்துக்கான இடைவெளி அது, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். முன்னும் பின்னுமாக உணரத்தக்க ஆட்டம் இருந்தாலோ, இறக்கை கூட்டின் சுவரில் உரசிய தடம் இருந்தாலோ, இறக்கை முனை உடைந்திருந்தாலோ டர்போ போய்விட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

அப்போதும் ஏன் போனது என்று கேட்காமல் புதியதைப் பொருத்தக் கூடாது. ஆயில் வரும் குழாயில் கரி கட்டியிருந்தாலோ, ஆயில் திரும்பும் குழாய் நசுங்கியிருந்தாலோ, பழைய ஆயிலைக் காலம் கடந்தும் ஓட்டியிருந்தாலோ, புதிய டர்போவும் அதே வழியில் போகும்.

விஜிடி கரியைக் கழற்றாமலே நீக்க முடியுமா?

லேசான கரியாக இருந்தால், கைப்பம்பால் கம்பியைப் பலமுறை முழுதாக நகர்த்தி, பிறகு நெடுஞ்சாலையில் சற்று நேரம் சுமையோடு ஓட்டுவதால் தளர்வதுண்டு. இறுகிவிட்டால் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றும்போது ஆக்சுவேட்டர் கம்பியின் நட்டைத் திருகாதீர்கள். அதன் நீளம் தொழிற்சாலையில் அளந்து வைத்தது.

ஈஜிஆரை அடைத்துவிட்டால் கரி பிரச்சினை தீருமா?

அடைப்பதைப் பரிந்துரைக்க மாட்டோம். மாசுக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டைச் சிதைப்பது சட்டப்படி தவறு. கம்ப்யூட்டரும் காற்றின் கணக்குத் தவறிச் செக் லைட்டைப் போடும். வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்பப் பொருத்துவதே சரி.

மே மாத வெயிலில் மட்டும் வண்டி மந்தமாகத் தெரிகிறது. பழுதா?

40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் காற்றின் அடர்த்தி குறைவதால் சிறிது மந்தம் இயல்பு. இன்டர்கூலரின் முன்புறம் பூச்சியும் மண்ணும் அடைத்திருந்தால் அது கூடும். மெல்லிய நீர்த்தாரையால் கழுவுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் சூட்டில் இளகும் ஹோஸையும் வேக்கக் குழாயையும் பாருங்கள்.

வேக்கக் குழாய்க்குப் பதிலாகக் குளுக்கோஸ் டியூப்பைச் செருகியிருக்கிறார்கள். பரவாயில்லையா?

வீடு வந்து சேரும் வரை மட்டும் பரவாயில்லை. அந்த டியூப் என்ஜின் சூட்டில் இளகி, உறிஞ்சும்போது உள்ளுக்குள்ளே ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஒட்டிக்கொண்ட ஸ்ட்ராவில் இளநீர் வராதது போல வேக்கமும் வராது. துணிப் பின்னல் கொண்ட, ஆயில் தாங்கும் வேக்கம் ஹோஸை, பழையதின் உள்விட்டம் பார்த்து வாங்குங்கள். ஆயில் பட்டு ஊதிய முனையை வெட்டிவிட்டுத் திரும்பச் செருகுவதும் நீண்ட நாள் நிற்காது. பொருத்தும்போது சோலனாய்டில் எந்தக் குழாய் எந்த வாயில் இருந்தது என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; இடம் மாற்றிப் போட்டதால் புதுப் பழுது உண்டான வண்டிகள் உண்டு. பேட்டரித் தட்டின் ஓரத்தில் உரசாதபடி குழாயைக் கட்டி வையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் இழுக்கவில்லை என்றால்?

டீசல் ஃபில்டர், அடைத்த சைலன்சர் அல்லது டிபிஎஃப், வழுக்கும் கிளட்ச், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் ஆகியவற்றைப் பாருங்கள். ஆர்.பி.எம். ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச்தான்.

சரிசெய்த பிறகு என்ன பார்க்க வேண்டும்?

ஸ்கேனரில் பழைய எண்களை அழித்துவிட்டு, அதே சாலையில் அதே கியரில் மறுபடியும் ஓட்டி, இரண்டு அழுத்த வரிகளும் சேர்ந்து போகின்றனவா என்று பாருங்கள். எந்தக் குழாயைத் தொட்டிருந்தாலும் ஆள் ஏற்றுவதற்கு முன் பிரேக் பெடல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். புது ரப்பர் ஹோஸ் சூடாகி ஆறியபின் சற்று அமுங்கும் என்பதால், ஒரு வாரம் ஓடிய பிறகு கிளிப்புகளை ஒருமுறை சரிபார்த்து, தளர்ந்திருந்தால் மட்டும் அரைத் திருகு இறுக்குங்கள்.